பழைய கணினியே போதும்

ஆறு ஆண்டுகளாக ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசரில் விளையாடிவந்தேன். புதிய விளையாட்டுகளில் அது திணறத் தொடங்கியதும், பாகங்களை முழுதாகப் பூட்டித் தயாராக விற்கும் கணினி ஒன்றைத்தான் முதலில் வாங்கினேன். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும் மனம் கசந்துவிட்டது. 16 ஜிபி ராம் ஒரே துண்டாக இருந்தது. இரண்டு 8 ஜிபியாகப் போட்டிருந்தால் இரட்டைச் சேனல், அதாவது தரவு ஒரே நேரத்தில் இரு வழிகளில் பாயும் வசதி, கிடைத்திருக்கும். பவர் சப்ளையோ கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தனி வடிவம். கெட்டுப்போனால் கடைகளில் கிடைக்கும் பொது அளவான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அதில் பொருந்தாது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு என் பழைய பி450 மதர்போர்டின் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்தினேன். 2022இல் வந்த இதில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருக்கிறது. விளையாட்டுக்கு அதுதான் உயிர். ஓர் எச்சரிக்கை: பிராசசர்மேல் இருக்கும் பழைய கூலரை நேராக இழுத்தால், இடையில் வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருப்பதால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும். கணினியைச் சற்று ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்தபின் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

நெரிசலான நகரக் காட்சிகளில் இருந்த திக்கல் இப்போது அறவே இல்லை. கிராபிக்ஸ் கார்டை மாற்றவே இல்லை. ஆனால் உங்கள் மதர்போர்டு ஏஎம்4க்கும் (என் போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட் வகை) முந்தையது என்றால், போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்ற வேண்டிவரும்; அப்போது பூட்டிய கணினியையும் தாராளமாகப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைத் திறந்து காட்டச் சொல்லி.