கொலுசுப் பட்டறைக்காரரின் முதுகும் செவ்வாய்ப்பேட்டை பிசியோதெரபி நிலையமும்

22 வருடங்களாகக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை எனக்கு. சம்மணமிட்டுக் குனிந்தே உட்கார்ந்ததில், வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே கல்லை வைத்துக் கட்டியது போன்ற வலி. நான்கு மாதம் தைலமும் மாத்திரையுமாக ஓட்டினேன். வேறோர் இடத்துக்குப் போனபோது முதுகை அழுத்தித் தேய்த்து அனுப்பினார்கள். மறுநாள் கையைத் தூக்கவே முடியவில்லை.

பிறகுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாடியில் இருக்கும் இந்தச் சிறிய பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கே சிகிச்சை தரும் அம்மா உடனே கை வைக்கவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், கை மரத்துப்போதல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்; இருந்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டுமாம். அப்புறம் என்னைத் தரையில் உட்காரவைத்து, கொலுசைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காதது அது! தலையின் எடை நான்கைந்து கிலோ. குனியக் குனிய அதைத் தாங்கும் கழுத்து, மேல்முதுகுத் தசைகள் (ட்ரபீசியஸ், ராம்பாய்டு) இழுபட்டே நின்று களைத்துவிடுகின்றன என்று விளக்கினார்.

15 நிமிடம் ஒத்தடம், தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்தும் பயிற்சி 10 முறை, சுவரோடு ஒட்டிக் கைகளை ஏற்றி இறக்குவது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பதுதான் பட்டறையில் கடினம். வேலைப் பலகையை உயர்த்திக்கொண்டேன். ஆறு வாரத்தில் வலி முக்கால்வாசி போய்விட்டது. இப்போது இரவில் புரண்டு படுக்க முடிகிறது.

படிக்கட்டு மிகவும் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் எப்படி ஏறுவார்கள்? ஒரு தடவைக்கு 300 ரூபாய். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் குறைவு.