மொட்டைமாடி வேலைக்குக் கூலிங் ஜாக்கெட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வெயில் ஏறிவிட்டால் போனைத் திறந்ததும் இந்த விளம்பரம்தான். பாலைவனத்தில் ஒருவர் ஜாக்கெட்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மாட்டிக்கொண்டு சிரித்தபடி நடக்கிறார். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், எட்டு மணி நேரத்துக்கு 15 டிகிரி குறையும் என்கிறார்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வெயிலில் நிற்கும் ஆட்களுக்காக இதை வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் சென்னையில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்துகிறோம். மே மாதத்தில் தளம், இரும்புச் சட்டம், பேனல் கண்ணாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் அனல்தான். வேலை செய்யும் பசங்களுக்காக ஆறு ஜாக்கெட் ஆர்டர் போட்டோம். ஒன்று 1,899 ரூபாய். முன்பணமாக யுபிஐயில் கட்டினால் தள்ளுபடி என்றதால் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது.

வந்த சரக்கு விளம்பரத்தில் காட்டியதே இல்லை. உள்ளே சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல், அதாவது குழந்தைகள் டயப்பரில் இருக்கும் அதே பொருள். அது குறையில்லை, நல்ல ஜாக்கெட்டிலும் அந்த வகை ஜெல் உண்டு. ஜெல் குடித்த தண்ணீர் வெளித்துணி வழியாக ஆவியானால்தான் குளிர்ச்சி. ஆனால் இதில் வெளித்துணி தண்ணீர் விடாத ரெக்ஸின் ரகம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஆவியாகப் போக வழியே இல்லாமல் தைத்திருக்கிறார்கள்! நனைத்தபின் கனம்தான் கூடியது. சில நாளில் தையல் விட்டு ஜெல் சட்டையெல்லாம் ஒட்டியது.

சரி, துணி நன்றாக இருந்திருந்தாலும் அந்த 15 டிகிரி இங்கே நடக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பெரிய அளவுதான். ஆனால் அது ஆவியாக வேண்டுமே! காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமிருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். காற்று 40 டிகிரியில், ஈரப்பதம் 20 சதவீதத்தில் இருந்தால் ஈரத்துணி 22, 23 டிகிரி வரை குளிரலாம். 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைப் புழுக்கத்தில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியானாலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. நாக்பூரில் ஜில்லென்று ஊதும் ஏர் கூலர் இங்கே அறையைப் பிசுபிசுப்பாக்குவதும் இதனால்தான்.

மே மாதக் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது ஈரத்துணி ஓரளவு வேலை செய்யும். கடற்காற்று உள்ளே வந்ததும் சூடு கொஞ்சம் இறங்கும், புழுக்கம் ஏறும், ஜாக்கெட் வெறும் ஈர மூட்டையாகிவிடும். வேலூர், திருத்தணி பக்கம் வறண்ட நாட்களில் தரமான ஜாக்கெட் பலன் தரும். இந்த வித்தியாசத்தை விற்பவர்கள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அவர்களுடைய வீடியோவில் வெப்பமானியை முதலில் வெயிலில் காய்ந்த கார் பானட்டில் காட்டுகிறார்கள், அப்புறம் ஜாக்கெட்டில் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு குளிர்ந்த கணக்காக ஓட்டுகிறார்கள்.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் வேறொன்றில். ஜாக்கெட் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் எங்கள் பையன் ஒருவன் நிழலுக்கு வராமல் நின்றான். "அண்ணா, தலை ஒரு மாதிரி சுத்துது" என்றான், கெண்டைக்காலையும் பிடித்து இழுத்துவிட்டது. மாடிப்படி நிழலில் உட்காரவைத்து ஜாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே வியர்வை ஆவியாகாமல் தேங்கி உடம்பு கொதித்தது. ஈரத்துண்டு போட்டு, ஃபேன் வைத்து, ஓஆர்எஸ் கொடுத்ததும் தேறினான். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அப்போது வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

விற்றவர்களைக் கேட்டால் முதல் பதில், "சார், நீங்க சரியா ஊற வைக்கல." அடுத்து, நனைத்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. நனைக்காமல் எப்படிச் சோதிப்பது? அப்புறம் பார்சல் பிரித்த வீடியோ கேட்டார்கள், கடைசியில் எங்கள் எண்ணையே பிளாக் செய்தார்கள். விளம்பரத்தில் ஒரு பெயர், பில்லில் இன்னொரு பெயர், பார்சலில் இருந்தது கூரியர் கிடங்கின் முகவரி.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் தளம் தன் முகவரியையும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் காட்ட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் இல்லாத தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை.

இப்போது விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் நிறுத்திவிட்டு, நாலு மணிக்கு மேல்தான் மறுபடி மாடி ஏறுகிறோம். கழுத்தில் ஈரப் பருத்தித் துண்டு, தார்ப்பாய் நிழல், அதற்குள் ஒரு ஃபேன். 40 டிகிரி தாண்டினால் ஃபேன் காற்றே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது, அந்த நேரத்தில் மாடியில் யாரும் இருப்பதில்லை. புழுக்கத்திலும் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஐஸ் பேக் வைக்கும் ஜாக்கெட்டைப் பாருங்கள். அது ஆவியாவதை நம்பியில்லை, ஆனால் பேக்குகளை மாற்றி மாற்றி உறைய வைக்க ஃப்ரீசர் வேண்டும்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டவர்கள் பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். நனைக்கும் முன் வெளித்துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று கொஞ்சம்கூடப் புகவில்லை என்றால் தண்ணீரில் போடாமல் அன்றைக்கே திருப்பி அனுப்பக் கேளுங்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எங்களிடம் விற்ற பக்கம் புகார் கொடுத்த மறுவாரமே காணாமல் போய்விட்டது.