முட்டியில் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் என் அக்காவுக்கு ஆபரேஷன் செய்துவிட்டார்கள்

அக்காவுக்கு 46 வயது. 2 வருடம் முன்பு மாம்பலம் ஸ்டேஷன் படியில் கால் தடுக்க ஆரம்பித்தது. இரண்டு காலும் கட்டை மாதிரி விறைக்கிறது என்பாள். சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் போனதை மட்டும் வெட்கப்பட்டு ரொம்ப நாள் மறைத்துவிட்டாள்.

ஓ.எம்.ஆரில் ஒரு முதுகுத்தண்டு சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனோம். இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "டிஸ்க் பிதுங்கியிருக்கு, தள்ளிப்போட்டால் கால் போயிடும்" என்றார் டாக்டர். 2,80,000 ரூபாய், அன்றே முன்பணம் கட்டினால் சலுகை. வளையலை அடகு வைத்துக் கட்டினோம். நான்கு மாதம் கழித்து அக்கா கைத்தடிக்கு வந்துவிட்டாள். திரும்பப் போனால் பிசியோதெரபிக்கு இன்னொரு பேக்கேஜ் எழுதுகிறார்கள்!

அப்புறம்தான் சென்ட்ரல் எதிரில் ஜி.எச். போனோம். நரம்பியல் டாக்டர் ஸ்கேனைத் தொடுவதற்கு முன் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் அளவுக்கு மீறித் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினார், கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. "இது இடுப்பு டிஸ்க் பண்ற வேலை இல்லைம்மா. தண்டுவடம் இடுப்பு ஆரம்பிக்கிற இடத்திலேயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழே வெறும் நரம்பு வேர்தான். அங்கே அழுத்தினா கால் தளரும், இப்படி விறைக்காது" என்றார்.

கழுத்துக்கும் நடுமுதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், எங்கும் அழுத்தம் இல்லை. பி12 குறைபாடு, எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாம் இல்லை என்றான பிறகு எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸுக்குப் பார்த்தார்கள். ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் அதன் எதிர்ப்பொருள் இருந்தது. 1985-இல் மார்ட்டினிக் தீவிலும் 1986-இல் ஜப்பானிலும் மருத்துவர்கள் இந்த வைரஸோடு சம்பந்தப்படுத்திய தண்டுவட நோய்தான் இது. வைரஸ் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இப்படிக் கால் பாதிக்கும். எச்.ஐ.வி.யின் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் எய்ட்ஸ் வராது. தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியாகப் பரவும். தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. அக்கா தன் பிள்ளைகளை நினைத்து அன்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை. இருவருக்கும் பரிசோதித்தோம், இல்லை.

முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. விறைப்புக்கு மாத்திரை, பயிற்சி என்று போகிறது. அரிய நோயை முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கால் விறைப்பும் சிறுநீர்ப் பிரச்சினையும் சேர்ந்திருந்தால், கத்திக்குச் சம்மதிக்கும் முன் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். தயவுசெய்து காட்டுங்கள்.

கேட்ட 72 மணி நேரத்தில் கேஸ் ஷீட் தர வேண்டும் என்பது விதி. அந்த மையத்தில் எழுதிக் கொடுத்து வாங்கினோம். யாருமே தட்டிப் பார்க்காத முட்டிக்கு நேராக 'இயல்பு' என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை வைத்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம்.