கோழிக்குச் சளி: மஞ்சள் உருண்டையா, மருந்துத் தூளா, தனிக்கூண்டா?

இரவில் கோழிகள் அடைந்தபின் கூண்டருகே நின்று காது கொடுத்தால்தான் தெரியும். பகலெல்லாம் கிளறித் திரிந்த கோழி அப்போது 'கொறகொற'வென்று மூச்சிழுக்கும். மலேசியாவின் பினாங்கில், செபராங் பிறையில் வீட்டுப் பின்புறம் பத்துப் பதினைந்து கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வளர்க்கும் நம்மவர்கள் இந்தச் சத்தம் கேட்டதும் மூன்றில் ஒரு வழியில் போவார்கள். மூன்றிலும் நான் போயிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் வழி, மஞ்சள், பூண்டு, மிளகு, துளசி அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி ஊட்டுவது. "ரெண்டு நாள் கொடுத்துப் பாரு தம்பி, சளி அறுந்துடும்" என்பார். செலவில்லை, முட்டையில் மருந்து தங்காது. ஒவ்வொரு கோழியையும் கையில் பிடிப்பதால் கண்ணில் நுரை, மூக்கில் நாற்றம், நெஞ்செலும்பில் இளைப்பு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். எனக்கு இதுதான் அந்த உருண்டையின் பெரிய பயன். லேசான வைரஸ் சளி ஓரிரு வாரத்தில் தானே இறங்கும். பேர் மஞ்சளுக்குப் போகும். மூச்சுப் பாதையைப் பிடிக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவோ, முகம் வீங்கி நாறும் கொரைசா என்ற பாக்டீரியா நோயோ வந்திருந்தால் உருண்டையை மட்டும் நம்பக்கூடாது.

கடையில் விற்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துத் தூள் அந்த இரண்டையும் அடக்கும், சரியான தூளாக இருந்தால். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவை வேலை செய்யும். ஆனால் தண்ணீரில் கலந்து வைத்தால், அதிகம் நோயுற்ற கோழிதான் குறைவாகக் குடிக்கிறது. நம்ம ஊர் மழையில் வாளியிலும் கால்வாயிலும் தண்ணீர் நிற்க, மருந்துத் தண்ணீரை எந்தக் கோழி தேடும்? மற்றத் தண்ணீரை எல்லாம் கவிழ்த்துவிட்டு, தினமும் புதிதாகக் கலந்து, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். முட்டையைச் சாப்பிடக்கூடாத நாள்களையும் அவரிடமே கேளுங்கள்.

நான் சறுக்கியது தூள் கொடுத்து முடித்த பிறகுதான். காலைச் சந்தையில் வாங்கிய பெட்டையை நேரே கூண்டில் விட்டேன். ஒரு மாதத்தில் பதினொன்றில் ஒன்பதுக்குச் சளி. தூள் கொடுத்தேன், அடங்கியது, குணமாகிவிட்டது என்று நம்பினேன். அண்ணி அடை வைக்க முட்டை கேட்டபோது கொடுத்தேன். அக்டோபர் மழையில் என் கூண்டில் மறுபடி கொறகொற. அண்ணி வீட்டுக் குஞ்சுகளுக்கும் அதே சத்தம். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகவும் இறங்கும், தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டே திரியும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அண்ணியின் குஞ்சுகளை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

ஆகவே என் ஓட்டு தனிக்கூண்டுக்கு. முனகும் கோழியை அன்றிரவே பிரித்து, அதற்குக் கடைசியாகத் தீனி வைத்து, கைகால் கழுவிவிட்டு வர வேண்டும். புதுக்கோழிக்கும் நான்கு வாரம் தனியிடம். கூண்டுத் தரையில் குந்தி மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது எச்சத்தின் அமோனியா, மூச்சுக்குழலை அரித்துக் கிருமிக்கு வழி திறப்பது. ஈர உமியை வாரி எறிந்து காய்ந்த உமி போட்டதில் என் கூண்டில் பாதிச் சத்தம் குறைந்தது.

பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கல், அடுத்தடுத்துச் சாவு என்றால் மூன்று வழியும் ஆகாது. மலாய்க்காரர்கள் 'சம்பார்' என்னும் நியூகாசில் நோயாக இருக்கலாம்; பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், 2004இல் கிளந்தான் மாநிலத்துக்கு வந்ததுதானே. செத்ததைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். நியூகாசிலுக்குத் தடுப்பூசிதான் முக்கியக் காவல். கம்பத்துக் கோழிகளுக்குத் தீனியில் கலந்து கொடுக்க, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள்.

தேறிய ஒன்பதையும் நான் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. அடை வைப்பதை நிறுத்தினேன். புதிதாக ஒன்றையும் சேர்க்காமல், அவை வாழும்வரை அந்தக் கூண்டு அவற்றுக்கே.