36 கட்டமா, 5 பார்வையா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரிக்கு, சிறு விவசாயிகளிடம் வாங்கும் பச்சை இலைக்குக் கணக்கு வைக்க மென்பொருள் தேவைப்பட்டது. மென்பொருளின் வடிவத்தை வரைய எந்த ஆயத்தச் சட்டகத்தை வைத்துக்கொள்வது? டோகாஃப் என்ற சட்டகம் பெரிய நிறுவனங்களுக்குச் சரி, எட்டுப் பேர் ஆபீஸுக்கு யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். மிஞ்சியவை, கட்டம் போட்டு வரையும் ஸாக்மனும், பார்வை பார்வையாகப் பிரித்து வரையும் ஆர்எம்-ஓடிபியும்.

ஸாக்மன் 1987இல் வந்தபோது என்ன, எப்படி, எங்கே என்று மூன்றே பத்திகள், அதாவது செங்குத்து வரிசைகள். 1992இல் யார், எப்போது, ஏன் சேர்ந்தன. இப்போது ஆறு பத்திகள், யார் கோணத்தில் பார்ப்பது என்பதற்கு ஆறு குறுக்கு வரிசைகள், ஆக 36 கட்டம். டெண்டர்களை ஒப்பிட அருமையான கருவி. வந்த இரண்டையும் கட்டங்களில் நிரப்பிப் பார்த்தோம். ஒருவருக்கு 'எப்போது' பத்தி முழுக்கக் காலி; இலைக்காரருக்கு என்றைக்குப் பணம் என்றே அவர் யோசித்திருக்கவில்லை.

ஆனாலும் வடிவமைப்புக்கு நான் ஆர்எம்-ஓடிபி பக்கம்தான். பல இடங்களில் பரவி இயங்கும் கணினி அமைப்புகளை விவரிப்பதற்கான ஐஎஸ்ஓ 10746 என்ற தரநிலை அது. நிறுவனம், தகவல், கணிமை, பொறியியல், தொழில்நுட்பம் என ஐந்து பார்வைகள்; பார்வைக்கு ஒரு தாள். பிடித்துப்போனதற்குக் காரணம் பராமரிப்பு. வரைவது ஒரு மாத வேலை. வரைந்ததைப் பழசாகாமல் வைத்திருப்பதுதான் பாடு.

முதல் வடிவத்தில், இலை எடுக்கும் இடத்தில் எடை போட்டதும் தகவல் நேராக சர்வருக்குப் போகும். மழை பிடித்தால் அங்கே சிக்னல் கிடையாது. வரிசையில் சாக்குகள், ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிப்பது என்ற சண்டை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் திரை. சரி, எடையைக் கருவியிலேயே சேமித்து, மாலையில் பாக்டரி வந்ததும் ஏற்றலாம் என்று மாற்றினோம். பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய இரண்டு தாள்களை மட்டும் திருத்தினேன். விவசாயி, கிலோ, கழிவு, நேரம் என்ற தகவல் தாளில் கை வைக்கவில்லை. 'எடைச் சீட்டு கொடுக்காமல் சாக்கு வண்டியில் ஏறக் கூடாது' என்ற நிறுவனத் தாளும் அப்படியே. இதையே ஸாக்மன் படத்தில் திருத்திப் பார்த்தேன்: 'எங்கே', 'எப்படி', 'எப்போது' மூன்றிலும் மேலிருந்து கீழாக 9 கட்டம்.

குறையும் உண்டு. ஆர்எம்-ஓடிபியின் சொற்கள் கரடுமுரடு. ஓர் உறுப்பு பழுதாகி மீள்வது மற்றவற்றுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கு அதில் தனிப் பெயரே இருக்கிறது. அரை மணி நேரம் விளக்கினேன். மேனேஜர் கேட்டது: "கரெண்ட் போனா சீட்டு வருமா, வராதா?"

நான் பார்த்தது இரண்டே சீசன். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலையின் விதியே மாறினால் நிறுவனத் தாளில் தொடங்கி எத்தனை தாள் கிழியும் என்று இன்னும் சோதித்ததில்லை.