முதிய ஓட்டுநர்களுக்கான திறன் மதிப்பீடு: வயது வரம்பைவிட நம்பகமான சேவை

வயதான ஓட்டுநர்களைத் திரும்பச் சோதிக்க வேண்டுமா, குறிப்பிட்ட வயதுக்கு மேல் லைசென்ஸையே நிறுத்திவிடலாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் ஒரு சேவையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோய்க்குப் பின் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் நிபுணர், நடத்தும் ஓட்டுநர் திறன் மதிப்பீடு அது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் மறுவாழ்வு மையங்களும் தனியாகத் தொழில் செய்யும் தெரபிஸ்ட்களும் இதை நடத்துகிறார்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், மறதி நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், "அப்பா ஓட்டும்போது பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கிய பெரியவர்கள் ஆகியோர்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். வயது வரம்பு, பத்து நிமிட எழுத்துச் சோதனை, லைசென்ஸ் அலுவலகத்தின் வழக்கமான சாலைத் தேர்வு ஆகிய மூன்றோடும் ஒப்பிட்டால் இருப்பதில் நியாயமானது இதுதான். குறைகளும் இதற்கு உண்டு. சில குறைகள் பெரியவை.

மதிப்பீடு இரண்டு பகுதிகளாக நடக்கும். முதல் பகுதி அறைக்குள், ஒன்று முதல் இரண்டு மணி நேரம். நோய் விவரத்தையும் மாத்திரைப் பட்டியலையும் கேட்டுத்தான் தொடங்குவார்கள். அந்தப் பட்டியலைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்கிறாரா, வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கிறாரா என்பதிலேயே மதிப்பீட்டாளரின் தரம் தெரிந்துவிடும். பென்சோடயாசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின்களும் மறுநாள் காலைவரை உடலில் தங்கி எதிர்வினையை மந்தமாக்கும். வயது ஏற ஏற அவை உடலை விட்டு வெளியேறும் வேகமும் குறைகிறது. "கை கால் தளர்ந்துவிட்டது" என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் இரவு போட்ட மாத்திரையின் வேலையாக இருக்கும்.

அடுத்து கண். லைசென்ஸ் அலுவலகங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. பிரிட்டனில் 20 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். பல நாடுகளில் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையோடு சோதனை முடிந்துவிடும். இரண்டுமே வெளிர்ப் பின்னணியில் கறுப்பெழுத்தை நல்ல வெளிச்சத்தில் படிக்கும் திறனைத்தான் அளக்கின்றன. 60 வயதில் விழித்திரையைப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அட்டையைக் கடைசி வரிவரை படித்துவிடும் ஒருவரால், அந்தி நேரத்தில் கறுப்புச் சட்டையோடு சாலையைக் கடப்பவரைக் கண்டுகொள்ள முடியாமல் போவது இதனால்தான். நல்ல மையங்களில் பெல்லி-ராப்சன் அட்டை வைத்திருப்பார்கள். அதில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு. மூன்று மூன்றாக நிறம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். பக்கவாட்டுப் பார்வையையும் பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும்; நோயாளிக்கு அது தெரியவே தெரியாது.

உடலைப் பொறுத்தவரை கழுத்து எவ்வளவு திரும்புகிறது, கணுக்கால் எவ்வளவு வேகமாக அசைகிறது, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மூன்று மீட்டர் நடந்து திரும்பி வரச் சொல்வார்கள். ஒன்பது விநாடிக்கு மேல் ஆனால் காரணத்தை மேலும் தேட வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள அளவுகோல். மூளைக்கான சோதனைகளில் டிரெயில் மேக்கிங் பி என்பது அதிகம் பயன்படுகிறது. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் 1, ஏ, 2, பி என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனாலோ மூன்றுக்கு மேல் பிழை வந்தாலோ கவலைக்குரியது. ஆங்கில அகரவரிசையில் புழங்காதவருக்கு இந்தச் சோதனை அநியாயமானது. அவர் தாமதிப்பது எழுத்தின் வரிசையை யோசிப்பதால். கவனக் குறைவால் இல்லை. இதை உணர்ந்த மதிப்பீட்டாளர் எழுத்தே இல்லாத புதிர்வழிச் சோதனையைத் தருவார். தரவில்லை என்றால் குடும்பத்தினரே கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சோதனைகளில் எது ஒன்றும் தனியாக லைசென்ஸைப் பறிக்கக் கூடாது. சாலையில் எதை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் அவற்றின் வேலை. தாளில் கிடைத்த மதிப்பெண்ணை வைத்தே "ஓட்டக் கூடாது" என்று எழுதி அனுப்பும் மையங்கள் தங்கள் சேவையின் பாதியைத்தான் தருகின்றன. டென்மார்க் 2006ல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2012ல் வெளியான ஆய்வின்படி, முதிய ஓட்டுநர்களின் உயிரிழப்பில் அதனால் எந்தப் பலனும் தெரியவில்லை. நடந்தும் சைக்கிளிலும் போய் விபத்தில் இறந்த முதியோரின் எண்ணிக்கை கூடியிருந்தது. காரைவிட்டு இறக்கப்பட்டவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதில்லை. சாலைக்குத்தான் வருகிறார், இரும்புக் கூடு இல்லாமல். மருத்துவச் சான்று கேட்கும் பின்லாந்தையும் கேட்காத சுவீடனையும் ஒப்பிட்ட பழைய ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது.

இரண்டாம் பகுதி சாலையில், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். முன்னிருக்கையில் தன் பக்கமும் பிரேக் உள்ள காரில் பயிற்சியாளர், பின்னிருக்கையில் தெரபிஸ்ட். முதல் சில நிமிடங்கள் ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில், வண்டி கைக்குப் பழகுவதற்காக. அதன்பின் குடியிருப்புத் தெருக்கள், சிக்னல்கள், ரவுண்டானா, பல லேன் சாலை, வேகமாகப் போகும் போக்குவரத்தில் கலப்பது என்று படிப்படியாகக் கடினமாகும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட்டுத் திரும்பும் இடங்கள் பாதையில் பலமுறை வர வேண்டும். முதிய ஓட்டுநர்களின் விபத்துகள் அதிவேகத்திலோ குடிபோதையிலோ நடப்பது குறைவு. சந்திப்புகளில், வழிவிடத் தவறி, எதிர்வரும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் தவறாகக் கணித்துத்தான் அதிகம் நடக்கின்றன. கடைசியில் "நாம் கிளம்பிய இடத்துக்கு நீங்களாகவே திரும்பிப் போங்கள்" என்பார்கள். வழியை யோசித்துக்கொண்டே சிக்னலையும் கவனிக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் மறதி நோய் வெளிப்படும். வழிசொல்லிக்கொண்டே ஒருவர் பக்கத்தில் இருக்கும்வரை அது நன்றாக மறைந்துகொள்ளும்.

வழக்கமான சாலைத் தேர்வை விட்டு இதைத் தேடிப் போவதற்குக் காரணம் மதிப்பெண் போடும் முறை. லைசென்ஸ் தேர்வு புதிதாக ஓட்டக் கற்றவருக்காக உருவானது. ஒரு கையில் ஸ்டீயரிங் பிடித்தல், திருப்பத்தில் கைகளைக் குறுக்கே போடுதல், நிறுத்தக் கோட்டில் முழுதாக நிற்காமல் ஊர்ந்து போதல் எல்லாம் அதில் பிழைகள். ஐம்பது ஆண்டு ஓட்டியவரிடம் இவை இருக்கத்தான் செய்யும். பெரும்பாலும் அவை ஊறிப்போன பழக்கங்கள். லேன் மாறும்போது கண்ணாடியில் தெரியாத பிளைண்ட் ஸ்பாட்டில் இருக்கும் பைக்கைப் பார்க்காதது, பச்சை சிக்னலில் காரணமில்லாமல் நிற்பது, கோட்டைவிட்டு விலகுவது அப்படிப்பட்டவை அல்ல. திறன் குறைகிறது என்பதற்கு அடையாளங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் தேவை. பயிற்சியாளர் ஒருமுறை பிரேக்கை மிதிக்கவோ ஸ்டீயரிங்கைப் பிடிக்கவோ நேர்ந்தால் அது தனியாகப் பதிவாகும். சோர்வும் ஒரு விஷயம். பதினைந்து, இருபது நிமிடத்தில் முடியும் தேர்வில் தெரியாத தடுமாற்றம் நாற்பதாவது நிமிடத்தில் தெரியும்.

ஆனாலும் மக்கள் அதிகம் அஞ்சும் ஒன்றை இந்தச் சேவையால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் அது. 2003ல் அமெரிக்காவின் சாண்டா மோனிகா சந்தைத் தெருவில் 86 வயது ஓட்டுநரின் கார் புகுந்து 10 பேர் இறந்தார்கள். 2019ல் டோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயது ஓட்டுநரின் கார் மோதித் தாயும் சிறுமியும் இறந்தார்கள். இரண்டிலும் பெடல் மாறியதே காரணமாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இது நிகழ்வது அரிது. ஆனால் முன்னறிகுறிகள் உண்டு. வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது உடல் முறுக, பாதமும் அறியாமல் நகர்கிறதா, பிரேக்கை எட்டக் காலை முழுதாகத் தூக்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பலமுறை ரிவர்ஸ் எடுக்க வைத்துக் காலைக் கவனிக்காத மதிப்பீடு அரைகுறை. சர்க்கரை நோயால் பாதத்தில் மரமரப்பு உள்ளவருக்கு இது இன்னும் அவசியம்.

மற்றக் குறைகள். மதிப்பீடு பெரும்பாலும் பகலில், தெளிவான வெளிச்சத்தில் நடக்கும். இரவு ஓட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. வண்டியும் பழகாத வண்டி. வாழ்நாள் முழுக்க கியர் வண்டி ஓட்டியவரிடம் ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்தால் இடது கால் கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும். அது முதுமையின் பிழையாகப் பதிவாகிவிடும். நேரம் வாங்கும்போதே எந்த வகை வண்டி என்று கேட்டுவிட வேண்டும். பெரு நகரங்களுக்கு வெளியே மையங்கள் குறைவு, காத்திருப்பும் நீளம். சில இடங்களில் மதிப்பீட்டாளர் முடிவை லைசென்ஸ் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாத மையத்தைத் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, "நிறுத்துங்கள்" என்று எழுதியதோடு பல அறிக்கைகள் முடிந்துவிடுவது. டாக்டரிடம் எப்படிப் போவார், கடைக்கு யார் கூட்டிப்போவார் என்று ஒரு வரிகூட இருக்காது. டென்மார்க்கின் அனுபவத்துக்குப் பிறகு இதைச் சின்னக் குறை என்று சொல்ல முடியாது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் முடிவு ஆம், இல்லை என்ற இரண்டில் அடங்காதது. பகலில் மட்டும், வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும், விரைவுச் சாலை வேண்டாம், சில வகுப்புகள் எடுத்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று பல படிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75 வயதிலிருந்து ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை. 85 வயதிலிருந்து முழு லைசென்ஸ் வேண்டுமானால் இரண்டாண்டுக்கு ஒருமுறை சாலைத் தேர்வு, அல்லது தேர்வில்லாமல் கட்டுப்பாடுள்ள லைசென்ஸ். ஜப்பானில் 2022 முதல், குறிப்பிட்ட விதிமீறல் செய்த 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் ஓட்டுத் தேர்வு. தானாகப் பிரேக் பிடிக்கும் கார்களுக்கு மட்டுமான லைசென்ஸும் அதே ஆண்டு வந்தது. வயதோடு நடத்தையையும் பார்க்கும் அந்த முறை, வயதை மட்டும் பார்ப்பதைவிட அறிவுபூர்வமானது. அமெரிக்காவில் வயதை வைத்துச் சாலைத் தேர்வு கேட்ட ஒரே மாநிலமான இல்லினாய்கூட அந்த வயதை 79லிருந்து 87க்கு உயர்த்திச் சட்டம் செய்துவிட்டது. கட்டுப்பாடுகளுக்கு ஓர் எல்லை உண்டு: மறதி நோய் உள்ளவரிடம் "பத்து கிலோமீட்டருக்குள் மட்டும்" என்பது வேலை செய்யாது. அந்த நிபந்தனை அவருக்கு நினைவிருக்க வேண்டுமே.

போவதற்கு முன் சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்துவிட வேண்டும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சை முதலில். அதைச் செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம் செய்யாதவர்களுடையதில் ஏறத்தாழ பாதி என்று 2002ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. புதுக் கண்ணாடியோ புது மாத்திரையோ என்றால் சில வாரம் பழகிய பின் போகலாம். காரில் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கண் மட்டம் ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பைவிட ஏழரை சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். முதுகு வளைந்து உயரம் குறைந்த பலர், பல வருடம் முன்பு அமைத்த இருக்கையிலேயே உட்கார்ந்து ஸ்டீயரிங்கின் ஊடாகச் சாலையைப் பார்க்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் மாத்திரையின் பலன் இருக்கும் நேரத்தில் நேரம் வாங்க வேண்டும். பலன் இறங்கும் நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் களைப்பவர் இரண்டு பகுதிகளையும் வேறு வேறு நாளில் கேட்கலாம்.

80 வயது ஆகிவிட்டது என்பது மட்டும் இங்கே போகப் போதுமான காரணம் இல்லை. காரின் ஒரே பக்கத்தில் புதுப்புதுக் கீறல், தெரிந்த வழியில் தவறுவது, மற்ற வண்டிகள் அடிக்கடி ஹாரன் அடிப்பது, "சிவப்பு விழுந்துவிட்டது, நில்லுங்கள்" என்று பக்கத்திலிருப்பவர் சொல்லிச் சொல்லி ஓட்ட வைப்பது ஆகியவை போதுமான காரணங்கள். கடைசியாகச் சொன்னதைக் குடும்பங்கள் வருடக்கணக்கில் உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கும். மறதி நோயின் தொடக்கத்தில் ஒருமுறை தேறியவரும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும். அடுத்த தேதி எழுதப்படாத அறிக்கையை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.