168 வெள்ளிக்கு வாங்கிய தற்காப்பு டார்ச் லைட்: நான் ஏமாந்தது போல் நீங்களும் ஏமாற வேண்டாம்

சனிக்கிழமை மாலை 168 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஒரு டார்ச் லைட் வாங்கினேன். திங்கட்கிழமை நள்ளிரவு, எந்தப் பாதைக்காக அதை வாங்கினேனோ அந்தப் பாதையிலேயே பதினொரு நிமிடங்களில் அது அணைந்துபோனது. இன்று புதன்கிழமை. கடைக்கு நேரில் போய் வெறுங்கையோடு வீடு திரும்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் தணிந்தபின் எழுதினால் இன்னும் நிதானமாக எழுதலாம்தான், ஆனால் தணிந்துவிட்டால் எழுதவே மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். தற்காப்புக்கென்று டார்ச் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ஒரு சமையல்கூடத்தில் பின்னேர ஷிப்ட் பார்க்கிறேன். பேருந்திலிருந்து இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அங்கிருந்து எங்கள் புளோக்குக்குக் கால்வாயை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையில் கால் மணி நேர நடை. சென்ற மாதம் ஓர் இரவு, விளக்கில்லாத சைக்கிளில் வந்த ஒருவர் என்னைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் கடந்து போனார். நடந்தது அவ்வளவுதான். சிங்கப்பூரில் போய் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கு மின்தூக்கியின் கதவு மூடும்வரை மூச்சு சீராகவில்லை. மிளகுத் தெளிப்பானையும் மின்னதிர்ச்சி தரும் கருவியையும் அனுமதியின்றி வைத்திருப்பதே இங்கே குற்றம் என்பதால், கைப்பைக்குள் அடங்கும் வலுவான டார்ச் ஒன்று போதும் என்று முடிவு செய்தேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் முகாம் பைகள், மழைச்சட்டைகள், மடக்குக் கத்திகள், டார்ச்சுகள் ஆகியவற்றை அடைத்து வைத்திருக்கும் சின்னக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, “வாங்கக்கா, உட்காருங்க” என்று தமிழில் பேசினார். இரவில் தனியாக நடப்பதைச் சொன்னேன். அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துக் காட்டினார். அதன் முகப்பில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் அவற்றுக்கிடையே கரண்டு பாயுமாம். அது இங்கே தடை செய்யப்பட்ட பொருள் அல்லவா என்று கேட்டேன். அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துவிட்டு, “விவரமானவங்கக்கா நீங்க. உங்களுக்குச் சட்டப்படி ஒண்ணு இருக்கு, என் தங்கச்சிக்கும் இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன்” என்று இன்னொன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டவிரோதமான பொருளை விற்கத் துணிந்தவரை, நான் வேண்டாம் என்றதும் அதை மறைத்துவிட்டார் என்பதற்காகவே நல்லவர் என்று நம்பினேன். எண்ணிப் பார்த்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு கடை விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் நான்கைந்து விநாடி அடித்துக் காட்டினார். கண் கூசியது. விட்டுவிட்டு வேகமாக மின்னும் துடிப்பொளியையும் காட்டினார், தலை சுற்றியது. பெட்டியில் 50,000 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) என்றும் தண்ணீர் புகாது என்றும் அச்சிட்டிருந்தது. முகப்பைச் சுற்றிப் பல் பல்லாக இருந்த விளிம்பைத் தடவி, நெருங்கி வருபவனை இதனாலேயே ஒரு இடி இடிக்கலாம் என்றார். விலை 198 வெள்ளி, எனக்காக 168 வெள்ளி. எனக்கு அது இரண்டு இரவு வேலைக்கான கூலி. கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் மூலம் செலுத்தினேன். திரையில் கடைப் பெயர் வராமல் ஒரு தனிமனிதரின் பெயர் வந்ததைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. கையால் எழுதிக் கொடுத்த ரசீதில் “டார்ச் 1 – 168” என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை இரவு லேசான தூறல். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய டார்ச்சைப் பாதையின் தொடக்கத்திலேயே போட்டேன். முதல் ஒரு நிமிடம் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் கழுத்துப் பகுதி சூடாகி, துப்பட்டாவின் நுனியைச் சுற்றிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஒளி மெல்ல மெல்ல இறங்கியது. துடிப்பொளி வருகிறதா என்று பார்க்க, ஒரே பொத்தானை ஐந்து தடவை அழுத்தி மற்ற நிலைகளையெல்லாம் கடக்க வேண்டியிருந்தது. நான்காவது அழுத்தலில் விரல் வழுக்கி விளக்கே அணைந்தது. ஆபத்து வரும்போது யார் ஐந்து வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? மறுபடி போட்டபோது கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. பாலத்துக்கு அருகே, பதினோராவது நிமிடத்தில், மொத்தமாக நின்றுவிட்டது. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் வந்து பேட்டரியை வெளியே எடுத்தான். மேலுறையில் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. “சின்னம்மா, இது 18650 வகை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பேரே. இந்த அளவுல வர்ற நல்ல பேட்டரியிலயே பொதுவா 3500, 3600தான் இருக்கும், 9900 எல்லாம் அடக்கவே முடியாது” என்றான். பிறகு நான் ரவை நிறுக்கும் தராசில் அதை வைத்தான். 29 கிராம். நல்ல பேட்டரி ஏறக்குறைய 45 கிராமாவது இருக்குமாம். மீதி எடைக்கு உள்ளே வெறும் இடம்தான் இருக்கும் என்றான். 50,000 லூமென் என்பதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். காரின் முன்விளக்கில் போடும் சாதாரண எச்7 பல்பு ஏறக்குறைய 1500 லூமென்தான் தரும். அப்படியானால் முப்பதுக்கும் மேற்பட்ட கார் விளக்குகளை என் கைப்பைக்குள் வைத்திருந்தேன் என்று அர்த்தம். டார்ச்சுகளுக்கென்று 2009ஆம் ஆண்டிலிருந்தே எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவு இருக்கிறது. அதன்படி, விளக்கைப் போட்டு 30 விநாடி கழிந்த பிறகே ஒளியை அளக்க வேண்டும். கடைக்காரர் நான்கைந்து விநாடியில் ஏன் அணைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். “ஃபுல் சார்ஜ் போடுங்கக்கா” என்று பதில் வந்தது. போட்டாயிற்று என்றேன். வேறு சார்ஜரில் போட்டதால் கெட்டிருக்கும் என்றார். பெட்டியில் வந்த வடத்தையே பயன்படுத்தினேன் என்று படம் எடுத்து அனுப்பினேன். சப்ளையரிடம் கேட்டுச் சொல்வதாகக் குரல் பதிவு ஒன்று வந்தது. அதற்குப் பின் நீலக் கோடுகள் மட்டுமே. இன்று நேரில் போனால், நான் பார்த்திராத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். முதலாளி மலேசியாவில் உள்ள ஜொகூருக்குப் போயிருக்கிறாராம். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டதாம். சார்ஜ் ஏற்றவே அதை வெளியே எடுத்தாக வேண்டும் என்று சொன்னேன். அவன் தொங்கிக்கொண்டிருந்த பைகளை விலக்கி, பின்னால் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பைக் காட்டினான். கடைசியாக, இன்னும் 50 வெள்ளி கட்டினால் இதைவிட நல்ல மாடலாக மாற்றித் தருவதாகச் சொன்னான். 168 வெள்ளி போதாதென்று இன்னும் 50 வெள்ளி! அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். “வாங்கக்கா, உட்காருங்க” என்று சொன்னவர் மீதுதான் கோபம்.

அந்த அறிவிப்பு சட்டத்துக்கு மேலானதல்ல. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து இங்கே பழுதுப் பொருள் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர்தான். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யப் போகிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. 168 வெள்ளிக்காக இவ்வளவு அலைச்சலா என்று என் கணவர் கேட்கிறார். ஆமாம்.

விளக்கமாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், ஆனால் வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து இலக்க லூமென் எழுதிய சின்ன டார்ச்சைத் தொடாதீர்கள். வால்பகுதிப் பொத்தானை ஒரே அழுத்தில் முழு ஒளி வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள், கையில் பிடித்து ஐந்து நிமிடம் எரிய விடுங்கள், அதற்குச் சம்மதிக்காத கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பல் விளிம்பு, இடிப்பது, குத்துவது என்ற பேச்சை நம்பாதீர்கள். இருட்டில் எதிரிலிருப்பவரின் கண்ணைச் சில விநாடி கூசச் செய்து, அதற்குள் நாம் ஓடிவிடுவதுதான் டார்ச்சால் ஆகும் காரியம். தனிமனிதர் பெயருக்குப் பேநவ் செய்யாதீர்கள். மாடல் பெயர் எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். இப்படிப்பட்ட பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். மின்கழிவுத் தொட்டியில்தான் போட வேண்டும். என்னுடையதை அங்கேயும் போட முடியாது, புகாருக்கு அதுதான் சான்று. தகர டப்பாவில் போட்டுச் சமையலறைச் சன்னலோரம் வைத்திருக்கிறேன்.